மாசிலாமணியின் தாடியும் வடிவின் பல்லும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே கொட்டிப் போகட்டும்!

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சாமியார் இருந்தார். முழங்கால் வரைக்கும் தாடி. அவருடைய சீடன் மாசிலாமணி, குடும்பஸ்தன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி வடிவு உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பது வழக்கம். அவனும் தாடி விட்டிருந்தான்.

ஆறாம் மாதம், ஒரு காலையில் ஓடி வந்தான்.

"சாமி, வடிவுக்கு ஈறு வீங்கிக் கிடக்கு. இட்லியைக்கூட மெல்ல முடியலை. பிள்ளைக்கு எப்படிச் சத்து சேரும்?"

"பல் தேய்க்கிறாளா?"

"தேய்ச்சா ரத்தம் வருது சாமி. பிள்ளைக்குச் சேர வேண்டிய ரத்தமாச்சே! பிரஷ்ஷை நான்தான் ஒளிச்சு வெச்சுட்டேன்."

"பல் டாக்டர்?"

"மாசமா இருக்கறவ வாயில ஆயுதம் படலாமா? எனக்குச் சவரம் ஆகாதுன்னா அவளுக்கும் அப்படித்தானே? பிள்ளை பிறக்கட்டும்னு இருக்கேன்."

சாமியார் எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பு பாயசம் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணாந்து குடி."

பாதி தாடியில் வழிந்தது. மாசிலாமணி கழுவத் தொட்டிப் பக்கம் போனான். சாமியார் தடுத்தார்.

"தாடியில தண்ணி படக் கூடாது. பிள்ளை பிறக்கட்டும்."

குரு வார்த்தை. உட்கார்ந்தான். முதலில் ஓர் எறும்பு வந்தது. அது போய்ச் சொந்தபந்தத்தைக் கூட்டி வந்தது. மத்தியானத்துக்குள் தாடியில் புற்றே எழும்பிவிட்டது. அந்த வழியாகப் போன யாரோ அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாலும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நானே பார்த்தேன்.

"கடிக்குதே சாமி! கழுவிக்கிறேனே!"

"மூணு மாசம்தானே? பொறு."

"சிரைக்கத்தான் கூடாது. கழுவக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"அதை வடிவுகிட்ட சொன்னியா?"

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டான். புற்றோடு எழுந்து ஓடினான்.

அன்று சாயங்காலமே டவுன் பல் டாக்டரம்மா வடிவின் பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார்.

"மாசமா இருக்கறப்ப ஈறு சட்டுனு வீங்கும்மா. தேய்க்காம விட்டா இன்னும் வீங்கும். மெத்துனு ஒரு பிரஷ்ஷால ரெண்டு வேளையும் தேய். வாந்தி எடுத்தா மட்டும் உடனே தேய்க்காதே, முதல்ல தண்ணியில கொப்பளி. அது சரி, உன் வீட்டுக்காரர் ஏன் புத்தைத் தூக்கிட்டு அலையறாரு?"

அடுத்த மாதம் வளைகாப்பு. வடிவு சீடையைக் கடித்த சத்தத்தில், இடி இடிக்கிறதென்று மூன்று ஊர் தள்ளிக் காயப்போட்ட நெல்லை அள்ளினார்கள். அவள் சிரிக்க, கையில் அடுக்கிய வளையலெல்லாம் சேர்ந்து சிரித்தது.

சாமியாரும் வந்தார். பாயசம் குடித்தார். குடித்த கையோடு எழுந்தார்.

"எங்கே சாமி, அதுக்குள்ள?" என்றான் மாசிலாமணி.

"வாய் கொப்பளிக்க. எறும்புக்குச் சாமியார் என்ன, சம்சாரி என்ன?"

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த இரண்டு பல்லில் ஒன்று இப்போது லேசாக ஆடுகிறது.