கரடி கேட்ட பாதிப் பாடம்

பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இடிந்து கிடந்த ஒரு காட்டில், நாரை ஒன்று விலங்குகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வந்தது. காளவாயில் சுட்ட சுண்ணாம்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. விவரம் தெரியாமல் யாராவது அதைத் தொட்டுவிடுவார்களோ என்று நாரைக்குக் கவலை.

மழைக்காலம் நெருங்கவே, பழைய பாடத்தை அது மறுபடி நடத்தியது. சொல்லிச் சொல்லி அதற்கே அலுத்துப்போயிருந்தது.

"அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து பொருள்கள் உண்டாகின்றன. சுட்ட சுண்ணாம்பில் கால்சியமும் ஆக்சிஜனும் பிணைந்திருக்கின்றன. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்..."

அதற்குமேல் தாய்க்கரடியின் காதில் எதுவும் விழவில்லை. குட்டிக்காகப் பகலெல்லாம் புற்றுத் தோண்டிய களைப்பு. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது.

முதல் மழையிலேயே கரடியின் குகை ஒழுகியது. தரை சொதசொதவென்று ஆனது. குட்டி குளிரில் நடுங்கியது.

கரடி காளவாய்க்குப் போய் ஒரு மூட்டையை இழுத்து வந்தது.

"நாரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே, அக்கா" என்றது பக்கத்துப் புதர் முயல்.

"நாரை இருக்கும் ஏரிவரை நடக்கத் தெம்பில்லை, தம்பி. ஈரத்தை இழுக்கும் என்று பாடத்தில் கேட்டேனே, அது போதும்."

கரடி தரையில் பொடியைக் கொட்டி, மேலே சருகைப் பரப்பிக் குட்டியைப் படுக்கவைத்தது. சற்று நேரத்தில் தரை புஸ்ஸென்று சீறியது. ஆவி கிளம்பியது. சருகு கருகிப் புகைந்தது. அலறிய குட்டியைக் கரடி வெளியே தூக்கி வந்தது.

முயல் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தது. புகையைக் கண்டு பறந்துவந்த நாரை அதைத் தடுத்தது.

"ஊற்றாதே. முதுகில் பொடி ஒட்டியிருக்கிறது. இந்தக் கொஞ்சத் தண்ணீர் பட்டால் இன்னும் சுடும்."

நாரை சிறகால் பொடியைத் தட்டி உதிர்த்தது. பிறகு குட்டியை ஓடைக்குக் கொண்டுபோய், ஓடும் நீரில் நெடுநேரம் நிறுத்திவைத்தார்கள். குட்டி பிழைத்தது. முதுகில் வெந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவே இல்லை.

"ஈரத்தை இழுக்கும் என்றுதானே சொன்னாய்?" என்றது கரடி.

"தண்ணீரோடு வினைபுரிந்து புதுப் பிணைப்புகள் உண்டாகும்போது கடும் சூடு வெளிவரும் என்றும் சொன்னேன். அப்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய்." நாரை தலையைக் குனிந்துகொண்டது. "அதைப் பார்த்தேன். எழுப்பி மறுபடி சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது."

கரடி குட்டியைத் தூக்கிக்கொண்டு, மழையில் வேறு குகை தேடி நடந்தது.

நீதி: பாதி கேட்டதை முழுவதும் அறிந்ததாக நம்பிச் செயலில் இறங்கினால் கேடு வரும்.