சென்னியப்பன் அடித்த கடிதம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திய சென்னியப்பனின் குரலுக்கு ஆபீசே நடுங்கும். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு, ஒற்றை விரலால் காலை முழுதும் தானே ஒரு கடிதம் அடித்தார். முடித்ததும், ஃபேனை நிறுத்துவதுபோல் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து போட்டால் கடிதத்தைக் காணோம்.

டைப்பிஸ்ட் தமயந்தியைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். "சாயங்காலத்துக்குள்ள என் கடிதம் வரணும். இல்லைன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்!"

தமயந்தி பயந்துகொண்டே கேட்டாள்: "ஐயா, இப்ப என்னைத் திட்டினீங்களே, அதை ஒரு வார்த்தை மாறாம மறுபடி சொல்லுங்க."

"அதெப்படி முடியும்? வாயில வந்துது, போச்சு. எழுதியா வச்சேன்?"

"கம்ப்யூட்டரும் அப்படித்தானுங்க. நாம அடிக்கிறது கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும். சேவ் பண்ணினாத்தான் உள்ள இருக்கிற டிஸ்குல எழுதி வைக்கும். அப்புறம் அணைச்சாலும் அழியாதுங்க."

முதலாளி கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் கடிதம்?"

"உங்க மனசுல இருக்குதுங்க. சொல்லுங்க, அடிக்கிறேன்."

அவர் சொல்லச் சொல்ல அடித்து, சேவ் பண்ணினாள். அவரே சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கடிதம் அப்படியே இருந்தது.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"போன வாரம் நானும் ஒரு கடிதத்தை இப்படித்தான் தொலைச்சேனுங்க. உங்களுக்குப் பயந்து, சொல்லாமலே மறுபடி அடிச்சுட்டேன்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்து அந்த ஆபீஸ் கேட்டது அன்றுதான்.