வெயிலில் போகும் மஞ்சள்

அந்தக் காலத்தில் மாடு, மரம், கிழங்கு எல்லாம் வாய் திறந்து பேசும். சூரியனும் பேசும். வெயில் கடிக்காமலிருக்க எருமை சேற்றைப் பூசிக்கொண்டது. யானை புழுதியை வாரிப் போட்டுக்கொண்டது. மனுசருக்குத்தான் ஒன்றும் இல்லை, வெறும் தோல்.

நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். தலைப்பிள்ளை பெற்று மூன்று மாதம். நாலு பேர் நடுவில் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டாள், அவ்வளவு கூச்சம். பிள்ளையை வேலமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் களை வெட்டுவாள். வேலமரத்து நிழல் ஒரு நிழலா? சல்லடை மாதிரி வெயில் இறங்கியது. பிள்ளையின் கன்னம் கன்றிச் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. பால் கொடுக்க அணைத்தால் கன்னம் மாரில் பட்டு எரியும். வாயை எடுத்துக்கொண்டு வீறிடும். இரண்டு நாளாகப் பிள்ளை சரியாகக் குடிக்கவில்லை.

"சேத்தைப் பூசு அம்மிணி, என் கன்னெல்லாம் அப்படித்தான் வளருது" என்றது எருமை. பூசிப் பார்த்தாள். சேறு காய்ந்து வெடித்துத் தோலை இழுத்தது. அழுகை கூடினதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் அவள் களைக்கொத்து எதிலோ பட்டது.

"அய்யோ, வெட்டிப்போட்டியே!"

மண் நிறத்தில் ஒரு கிழங்கு. வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் பளீரென்று மஞ்சள்.

நாச்சாயி களைக்கொத்தைக் கீழே போட்டாள். "தெரியாமப் பண்ணிட்டனுங்க. வலிக்குதுங்களா?"

"சீக்கிரம் மண்ணைத் தள்ளி மூடு. இது விடியக்காலச் சூரியனோட நிறம். அது அசந்த நேரத்துல ஒரு வாய் குடிச்சுட்டேன். பார்த்தா விடாது. அதான் மண்ணுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கறேன்."

அவள் மண்ணைத் தள்ளும்போது தூளியில் பிள்ளை வீறிட்டது. அவள் கண்ணீர் கிழங்கின் மேல் சொட்டியது.

கிழங்கு மேலே விழுந்த மண்ணை உதறிவிட்டு, "நில்லு. என்னைக் கல்லுல உரசிப் பிள்ளைக்குப் பூசு" என்றது.

"நீங்க மாட்டிக்குவீங்களே?"

"வலிக்குதான்னு என்னைக் கேட்ட முதல் ஆளு நீதான். உரசு."

உரசிப் பூசினாள். பக்கத்து உழவுச் சாலில் களை வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் பழனாத்தா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "என்ன அம்மிணி, பிள்ளைக்குக் காமாலையா? இல்லை, மாம்பழத்தைப் பெத்துட்டியா?"

களை வெட்டிய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாச்சாயியின் கை துடைத்துவிட முந்தானையைத் தேடியது. பிறகு அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

உச்சிப்பொழுதில் சூரியன் தூளிக்குள் எட்டிப் பார்த்தது. "அது என் நிறமாச்சே! ஏ திருட்டுக் கிழங்கே, குடு!"

"எடுத்துக்கோ" என்றது கன்னத்தில் இருந்த மஞ்சள். "நான் தீர்ந்த பிறகுதான் பிள்ளையைத் தொடணும்."

"அதைச் சொல்ல நீ யாரு?"

அப்போது நாச்சாயி எழுந்து நின்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நீங்க கேக்கறது நாயம்தானுங்க சாமி. உங்களுது உங்களுக்கு. என் பிள்ளை உங்களுது எதையும் எடுக்கலீங்களே."

சூரியன் பிள்ளையைத் தொடவில்லை. மஞ்சளை மட்டும் துளித் துளியாக உறிஞ்ச ஆரம்பித்தது. மஞ்சளும் லேசில் விடவில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டே கொடுத்தது. கடைசிப் பொட்டு மஞ்சள் போகும்போது பொழுதும் இறங்கிவிட்டது.

நாச்சாயி கன்னத்தைத் தொட்டாள். குளுகுளுவென்று இருந்தது. மாரோடு அணைத்தாள். பிள்ளை அழவில்லை. மடக் மடக்கென்று குடித்தது.

"உரசி உரசி உங்களைப் பாதியாக்கிட்டனே" என்றாள் கிழங்கிடம்.

"மிச்சத்தை மண்ணுல வை, கிளைச்சு வர்றேன். நாளைக்கும் அது வந்து கேக்குமில்ல?"

மறுநாள் காலையில் பழனாத்தா யாரும் பார்க்காதபோது வந்து உள்ளங்கையை நீட்டினாள். "எனக்கும் துளி உரசிக் குடு, அம்மிணி."

அன்று முதல்தான் பெண்கள் முகத்துக்கு மஞ்சள் பூசுவது. இன்றைக்கும் பிள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சளை எவ்வளவு கசக்கினாலும் போகாது. கொடியில், வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் போய்விடும். கறை போயிற்று என்கிறோம் நாம். மஞ்சளோ, சட்டையைப் பிள்ளை உடம்பென்று நினைத்துச் சூரியனுக்கு முன்னால் நின்று தன்னைக் கொடுத்துவிட்டுப் போகிறது.