முள்ளம்பன்றிப் பெஞ்சு

வெகு காலத்துக்கு முன்னால் இத்தாலி தேசத்தில் மொந்தாரோ என்ற மலைநாட்டை ஒத்தாவியோ ராஜா ஆண்டுவந்தார். சூப்பில் உப்பு குறைந்தால் சமையல்காரனைச் சிறையில் போடுவார். அடுத்த வேளை பசித்ததும் தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவார். அப்படிப்பட்ட ராஜா.

அந்த ராஜாவே யோசித்துப் பேசும் குடும்பம் ஒன்று இருந்தது, வால்தோரி குடும்பம். "எங்கள் வீட்டில் இரண்டு கர்தினால், நாலு ஆயர்!" என்று குடும்பப் பெருமை சொல்லாமல் ரினால்தோ பிரபு தும்மக்கூட மாட்டார். அப்போது அந்த நாட்டுக் கோயில்களுக்கெல்லாம் தலைமைக் குருவான ஆயராக இருந்த பெனெதெத்தோ அவருடைய சொந்தத் தம்பி. கோயிலில் முதல் பெஞ்சு அவர்களுடையது. அதில் அவர்கள் வீட்டுச் சின்னமான முள்ளம்பன்றியைச் செதுக்கியிருந்தார்கள். வேறு யாரும் உட்காரக்கூடாது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசையில் நல்ல கூட்டம். பிரபு வீட்டுச் சமையல்காரன் குயிதோவின் மனைவி பியெரினா, நாலு மாதக் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். தலை சுற்றியது. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பளார் என்று ஓர் அறை.

அறைந்தது பிரபு. இரண்டு கை தூரத்தில் அவருடைய வெல்வெட் அங்கியைச் சுமந்துகொண்டு நின்றவன் குயிதோ. அவன் தரையைப் பார்த்தான். குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதும் தரையைத்தான் பார்த்தான்.

பூசைக்கு வந்திருந்த ராஜா எழுந்துவிட்டார். "பால் கொடுக்கிறவளையா அடித்தாய்? இந்தப் பெரிய வாரத்தில், ஈஸ்டருக்கு முன்னால், மூன்று நாள் கோயில் வாசலில் வெறுங்காலோடு நில். தலையில் சாம்பல், கழுத்தில் கயிறு. வருகிற ஒவ்வொருவரிடமும் உன் குற்றத்தைச் சொல். ஈஸ்டர் அன்று மன்னிப்பு!"

ஆயர் தம்பி குறுக்கே வந்தார். "மகாராஜா, அண்ணனுக்கு முழங்கால் வலி. நோயாளிக்குப் பதில் இன்னொருவர் பரிகாரம் செய்யலாம் என்று திருச்சபையில் வழக்கம் உண்டு."

"பதில் ஆளா? அட, புதுசா இருக்கே!" கோபத்தை மறந்து ராஜா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆயர் ஒரு பத்திரம் எழுதி முத்திரை வாங்கிவிட்டார். 'குயிதோ நிற்பது ரினால்தோ நிற்பதே. மன்னிப்புக் கிடைக்கும்வரை குயிதோவே ரினால்தோ.'

ஆமாம், நிற்க வேண்டியவன் குயிதோதான். முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டு அடுப்புதானே அவன் பிழைப்பு.

முதல் நாள் காலையில் கோயில் மணியடிப்பவர் பத்திரத்தை ஊருக்கே உரக்கப் படித்தார். கல் படியின் சில்லிப்பு குயிதோவின் காலைக் கடித்தது. சாம்பல் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. ரொட்டிக்காரர் வந்தார், தையல்காரர் வந்தார், சொந்தத் தங்கை வந்தாள். எல்லோரிடமும் சொன்னான். "கைக்குழந்தைக்காரியை அறைந்த பாவி நான். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

கடைசியில் பியெரினா வந்தாள். கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. அவளிடமும் சொல்ல வேண்டுமே! கழுத்துக் கயிற்றைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"காது கேக்கல, பிரபுவே," என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அவளோ மணியடிப்பவர் பக்கம் திரும்பி, "ஐயா, அந்தக் கடைசி வரியை எனக்காக மறுபடி படிங்க," என்று கேட்டு, அதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று நாளும் வந்தாள். மூன்று நாளும் சொன்னான்.

ஈஸ்டர் அன்று கோயில் நிரம்பி வழிந்தது. மன்னிப்புக்காகக் காத்து, குயிதோ இன்னும் வாசலில் சாம்பலோடு நின்றான். பட்டு உடுத்தி, தலைக்கு வாசனை எண்ணெய் பூசி, ரினால்தோ பீடத்தின் முன்னால் போய் நின்றார். மன்னிப்புப் பெற்றவனின் கையைப் பிடித்து முதல் பெஞ்சில் உட்கார வைப்பது ஆயரின் வேலை. ஆயர் கையை நீட்டினார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம்," என்றாள் பியெரினா, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. "மன்னிப்பு இன்னும் கிடைக்கல. அப்படின்னா ரினால்தோ பிரபு வாசல்ல சாம்பலோட நிக்கிறார். பட்டு கட்டிக்கிட்டு இங்கே நிக்கிறது யாரு?"

ராஜா புருவத்தைத் தூக்கினார். "யாராம்?"

"அவர் இவர்னா, இவர் அவர்தானே? என் வீட்டுக்காரர் குயிதோ! ஏங்க, இங்க என்ன வேடிக்கை? பிரபு வீட்டுல மகாராஜாவோட இருநூறு பேருக்கு விருந்து. ஆட்டுக்குட்டி இன்னும் தோல்கூட உரிக்கல. வெங்காயம் ஒரு கூடை கிடக்கு. போங்க, போய் உரிங்க!"

கோயில் குலுங்கியது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சரிதான்! குயிதோ, சமையலுக்கு ஓடு! எனக்கு உப்பு சரியாக இருக்க வேண்டும்!"

"நான் வால்தோரி!" என்று கத்தினார் பிரபு. "தம்பி, அந்தப் பத்திரத்தைக் கிழி!"

ஆயருக்கு வேறு வழி தெரியவில்லை. தான் எழுதியதைத் தானே கிழித்தார்.

"ரொம்ப சந்தோஷம் சாமி," என்றாள் பியெரினா. "அப்ப மூணு நாளும் பிரபுவுக்காக வாசல்ல யாருமே நிக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜாவும் சிரிக்கவில்லை; வாசலை நோக்கிக் கையைக் காட்டினார். இரண்டு கர்தினால், நாலு ஆயர் பிறந்த வீட்டுப் பிரபு செருப்பைக் கழற்றினார். நல்ல வெயிலில், ஊர் முழுக்கப் பார்க்க, வாசனை எண்ணெய் பூசிய தலையில் சாம்பல் விழுந்தது. முதலில் வெளியே வந்தவள் பியெரினா. அவளிடம் முதல் தடவை சொல்லும்போது அவருக்குக் குரலே எழும்பவில்லை. 'காது கேக்கல' என்று அவள் சொல்லவில்லை. தலையசைத்துவிட்டுப் போனாள்.

ராஜா முள்ளம்பன்றிப் பெஞ்சைக் கைக்குழந்தைக்காரிகளுக்கென்று எழுதிவைத்தார். குயிதோவைத் தன் சமையலறைக்கே அழைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் பியெரினா வெந்நீர் வைத்து, வெடித்துப்போன அவன் பாதத்தைக் கழுவினாள்.

"உன் முன்னால அதைச் சொல்லி நின்னேனே," என்றான் குயிதோ.

"நீங்களா அடிச்சீங்க?"

"அடிக்கல. ரெண்டு கை தூரத்துல அவர் அங்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." தண்ணீரையே பார்த்தான். "மூணாம் நாள் அவருக்காகச் சொல்லல, பியெரினா. எனக்காகத்தான் சொன்னேன்."

"தெரியும்," என்றாள் அவள். "அன்னைக்குத்தான் நீங்க என் முகத்தைப் பார்த்துச் சொன்னீங்க. நானும் அன்னைக்குத்தான் உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். ம், அந்தக் காலைக் காட்டுங்க."