நீலக் கிண்ணமும் மிளகு ரசமும்

என்ன, முன்வரிசையில டாக்டர் பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களா? ராஜா கதைன்னதும் கணக்குப் புஸ்தகத்தை மூடிட்டு ஓடி வந்துட்டீங்க. வாள் சண்டை வரும், ராணி மயங்கி விழுவாங்க, கடைசியில மந்திரி கழுத்துல முத்துமாலை விழும்னு பாக்கறீங்க. வாள் கிடையாது. ராணி அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. முத்துமாலையை வேணா கடைசியில பாப்போம். மத்ததெல்லாம் கணக்குதான். எழுந்திரிக்காதீங்க, கதவைச் சாத்தியாச்சு!

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி தும்பைநாட்டை கோலாகல வர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. காலையில ஒரு சட்டம் போடுவாரு, மத்தியானத் தூக்கத்துல அதை மறந்துடுவாரு. அவருக்கு ரெண்டு விஷயம் உசிரு. ஒண்ணு, தோள்ல கிடக்கிற பட்டுச் சால்வை. இன்னொண்ணு, அரண்மனைச் சமையல்காரர் சுருளியப்பன் வைக்கிற மிளகு ரசம். தும்மல் வந்தா ரசம், தலைவலி வந்தா ரசம்.

அரண்மனை வைத்தியர் பேரின்பநாதருக்கு அதுதான் வயித்தெரிச்சல். மனுசன் மூக்காலதான் பேசுவாரு.

"ராஜா! ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிற தூங்கு காய்ச்சலைக் கண்டுபிடிக்க ஒரு பச்சிலைச் சாறு செஞ்சிருக்கேன். கிண்ணத்துல சாறு, அதுல ஒரு துப்பு. நீலமானா நோய். என் வைத்தியசாலையில இருந்த அத்தனை நோயாளிக்கும் நீலம். ஒண்ணு தப்பல!"

"சபாஷ்! நீலமானவனை ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுங்க. சட்டம்!"

வைத்தியர் நேரா எங்க போனாரு? மடைப்பள்ளிக்கு! சுருளியப்பன் துப்பினாரு. நீலம்.

மறுநாள் சபையில சுருளியப்பன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. வாசல்ல அவரு சம்சாரம் மூட்டையோட அழுதுக்கிட்டிருக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஓடம் ஏறணும்.

"நான் நல்லா இருக்கேன் சாமி! நேத்துகூட அண்டாவைத் தனியாத் தூக்கினேன்."

"எல்லா நோயாளியும் இதைத்தான் சொல்லுவான்"னு மூக்கு பேசுச்சு.

மந்திரி இளநாகர் எழுந்தாரு. "வைத்தியரே, நோயாளியெல்லாம் நீலம், சரி. நோயில்லாதவனுக்கு என்ன கலர்?"

"நல்லா இருக்கிறவன் எதுக்கய்யா என் வைத்தியசாலைக்கு வரான்?"

"அப்ப பாக்கவே இல்ல."

மந்திரி அரண்மனை மல்லர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டாரு. ஒவ்வொருத்தனும் தேக்குமரம். துப்பினாங்க. ஒன்பது பச்சை, ஒரு நீலம். நீலமானவன் அன்னிக்குக் காலையிலதான் ஒரு எருமையைத் தூக்கிக் காட்டினவன்!

வைத்தியர் அசரல. "பத்துல ஒண்ணுதானே பிசகு? ஒன்பது சரி! அப்ப இந்தச் சமையல்காரனுக்கு நோய் இருக்கறதும் பத்துக்கு ஒன்பது!"

ராஜா தலையாட்டினாரு. "கணக்கு சரியாத்தானே இருக்கு?"

பிள்ளைங்களா, நீங்களும்தான் தலையாட்டினீங்க. பாத்துட்டேன்.

மந்திரி விடல. "ராஜா, நல்லா இருக்கிறவன் பச்சையாகறது ஒரு கணக்கு. நீலமானவன் நோயாளியா இருக்கறது வேற கணக்கு. வைத்தியரே, நம்ம நாட்டுல இந்தக் காய்ச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்?"

"நூத்துக்கு ஒருத்தருக்கு."

"இந்தச் சபையில, சமையல்காரரை விட்டுட்டு, ராஜாவோட சேர்த்து நூறு பேர் இருக்கோம். ஒருத்தருக்கு நோய்னு வைங்க. அந்த ஒரு கிண்ணம் நீலம். மீதி தொண்ணூத்தொன்பது பேரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா மல்லன் கணக்குப்படி பத்துக்கு ஒண்ணு சும்மாவே நீலமாகும். அது ஒரு பத்து. மொத்தம் பதினொரு நீலம். அதுல உண்மையான நோயாளி ஒரே ஒருத்தர். அப்ப நீலமான சமையல்காரருக்கு நோய் இருக்கறது பதினொண்ணுல ஒண்ணு. ஓடம் ஏத்தற அளவா இது?"

"வாய்க் கணக்கு!"ன்னாரு வைத்தியர்.

"அப்ப எல்லாரும் துப்புவோமே."

ஆளுக்கொரு கிண்ணம் வந்துச்சு. சேனாதிபதி துப்பினாரு, புலவர் துப்பினாரு, ராஜாவும் சிம்மாசனத்துல இருந்தபடியே கௌரவமாத் துப்பினாரு. வைத்தியர் தன் கிண்ணத்தைப் பாத்தாரு. மூக்கே அடைச்சிடுச்சு. நீலம்!

"ஐயோ, நான் நல்லா இருக்கேன்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"அதையேதான் சுருளியப்பனும் சொன்னாரு"ன்னாரு மந்திரி. "நீலம்னா நோய் இல்ல வைத்தியரே, இன்னும் நல்லாப் பாருன்னு அர்த்தம். நாடியைப் பிடிங்க, நாக்கைப் பாருங்க."

வைத்தியர் சமையல்காரர் நாடியைப் பிடிச்சாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு, நெத்தியைத் தொட்டாரு. "...ஒண்ணும் இல்ல"ன்னாரு. வாசல்ல மூட்டை பொத்துனு கீழ விழுந்துச்சு, அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

திடீர்னு ராஜாவுக்கு ஒரே இரக்கம். "சே சே! நீலமானா ஓடமா? எந்த மடையன் போட்ட சட்டம் அது? இந்த நிமிஷமே ரத்து! வைத்தியரே, நல்லா இருக்கிறவங்களையும் துப்பச் சொல்லிச் சோதிச்சு முடிக்கிற வரைக்கும் நீர் மடைப்பள்ளியில உக்காந்து ரசத்துக்கு மிளகு இடியும்!"

சபை சிரிச்சுது. "மந்திரியாரே, வாரும், முத்துமாலை!"னு ராஜா ஒரு கையால மாலையைக் கழட்டறாரு. கழல மாட்டேங்குது. இன்னொரு கை சால்வையை விட்டு வெளிய வர மாட்டேங்குது.

மந்திரி நீலக் கிண்ணங்களை எண்ணிக்கிட்டிருந்தாரு. "பத்துதான் இருக்கு. ஒண்ணு குறையுதே..."

"அதெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்யா!"ன்னு ராஜா கத்தினாரு.

"ஆமாங்க ராஜா, இருக்கும்"னு மந்திரி தலை குனிஞ்சாரு.

சிம்மாசனத்துக்குப் பின்னால குடை பிடிக்கிற மாயாண்டி. இத்தனை வருஷமா சபையில வாயே திறக்காத ஆளு. அவன் குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னான்:

"குறையலீங்க மந்திரியாரே. ராஜா சால்வைக்குள்ளேருந்து நீலமா ஒழுகுது."