சூடு வராத கார்

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று யாரும் எண்ண வேண்டாம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கேரட் பாத்தி, வாசலில் ஒரு பழைய டீசல் கார். அவ்வளவுதான்.

மடத்தை நடத்தியவர் சிவகாமி அம்மையார். நாற்பது வயதுக்காரர். அவருடைய சீடர்களில் ஒருவரான வேலப்பன் அவரைவிட நன்றாக மூத்தவர், லாரி ஓட்டியவர். மடத்துக் காரை ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர்தான். அவர் அம்மையாரைத் தாயி என்பார், அம்மையார் அவரை அண்ணே என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவதுண்டு.

வேலப்பனின் ஒரே மகன் முருகவேள் போன வருஷம் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து இறந்தான். அதை விரித்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு தை மாதக் காலையில் வேலப்பனின் மனைவி அங்கம்மா துணிப்பையோடு வந்து மடத்து வாசல் கல்லில் உட்கார்ந்தாள். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் அவளுடைய அக்கா வீடு. அங்கே கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தாள்.

வேலப்பன் உள்ளே போய் அம்மையார் முன் நின்றார்.

"திரும்பி வரமாட்டேங்குறா, தாயி."

"என்ன சொல்றாங்க?"

"பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன்கூட இனி இருக்க முடியாதுங்குறா."

அம்மையார் பாயைக் காட்டினார். வேலப்பன் உட்காரவில்லை.

"நானும் சேர்ந்து அழுதா அவ உடைஞ்சு போயிருவான்னுதான் அடக்கிக்கிட்டேன். அது தப்பா, தாயி?"

வெளியே அங்கம்மா இருமினாள். அம்மையார் எட்டிப் பார்த்தார். பனிக்காற்று அவளுக்கு ஆகாது, ஏற்கெனவே இழுப்பு. காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றீர்களே, முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அம்மையாரும் எழுந்து வெளியே வந்தார்.

வேலப்பனுக்குச் சுருக்கென்றது. குடும்பமே கலைந்து போகிறது, இவர் ஹீட்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்தார். ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் கைக்கு ஒரு வேலை வேண்டும். போய் பானெட்டைத் திறந்தார்.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. வண்டியைக் கிளப்பி ஓட விட்டார். எஞ்சின் நன்றாகச் சூடேறியது. உள்ளே ஃபேனும் சுற்றியது. வந்தது மட்டும் பச்சைக் குளிர்காற்று.

ஹீட்டருக்கு என்று தனியாக நெருப்பு கிடையாது என்று வேலப்பன் விளக்கினார். எஞ்சினில் சூடான தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஹீட்டருக்குள் போகும், சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். அம்மையார் இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தார்.

"இது சுடுது. இது சில்லுன்னு இருக்கே?"

"போன தண்ணி திரும்பி வரல. உள்ள அடைச்சிருக்கு."

"எது அடைச்சுது?"

வேலப்பன் தலையைச் சொறிந்தார். "மஞ்சத்தூளு."

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டுவது லாரிக்காரர்களின் கைவைத்தியம். போன மழைக்காலத்தில் அதைத்தான் அவர் செய்திருந்தார்.

"ஒழுகல் நின்னுச்சா?"

"அன்னைக்கே நின்னுச்சு."

"மஞ்சளுக்கு எது ஓட்டை, எது வழின்னு தெரியுமா?"

"தெரியாதே, தாயி. சின்னதா எது கெடைச்சாலும் போய் அடைச்சுக்கும்."

 அம்மையார் தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து வந்து கொடுத்தார்.

எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, வேலப்பன் இரண்டு குழாயையும் கழற்றினார். தண்ணீர் திரும்பும் வழியில் ரப்பர் குழாயைச் செருகி எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை விட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு துருவும் மஞ்சளும் கலந்த சேறு பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையெல்லாம் அடித்தது. ரேடியேட்டரில் மிச்சம் இருந்தால் மறுபடியும் அடைக்கும் என்று அதையும் கழுவினார். தண்ணீர் தெளிந்து வரும்வரை விடவில்லை. அங்கம்மா கல்லில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய்களை மாட்டி, புதுத்தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் கதகதவென்று காற்று வந்தது. அம்மையார் அங்கம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்கார வைத்தார். பிறகு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

அங்கம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்து அந்தக் காற்றில் வைத்தாள். 

"அவன் இப்படித்தான் கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்," என்றாள்.

 வேலப்பன் சட்டென்று முகத்தைத் திருப்பிக் குனிந்தார். மஞ்சள் கழுவிப் போனதில் பழைய ஓட்டை திறந்து, காருக்கு அடியில் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து, ஒழுகுது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வேகமாகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"ஒரு கைப்பிடி மஞ்சத்தூளு குடுங்க, தாயி. இப்ப நின்னுரும்."

குரல் பிசிறியது. கண் சிவந்திருந்தது. அம்மையார் அவரைப் பார்த்தார். மஞ்சள் டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. மூலையில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார்.

"ஒழுகட்டும்ணே."

"மலை இறங்குறதுக்குள்ள தண்ணி வத்திரும், தாயி."

அம்மையார் கேன்களை அவர் கையில் கொடுத்தார்.

"வத்துறதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்துங்க. ஆற விட்டு ஊத்துங்க. ஒரு கேன அண்ணி பிடிச்சுக்குவாங்க."