அகோரனாரின் பாதிக் காய்ச்சல்

வெண்ணாற்றுக்குத் தெற்கே குறிச்சிநல்லூர் என்றொரு சிற்றூர். அவ்வூர்ச் சிவன் கோயிலில், மூன்று தலையும் மூன்று காலுமாக ஜுரதேவர் எழுந்தருளியிருந்தார். காய்ச்சல் கண்டவர்கள் அவரிடம்தான் ஓடி வருவார்கள். அவருக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது, வெந்நீரில்தான் அபிஷேகம். நிவேதனமோ மிளகு ரசமும் சோறும். அந்த வெந்நீரைப் போடும் தொண்டு அகோரனாருடையது.

விடியுமுன் கோயில் கிணற்றில் நீர் இறைப்பார். விறகு பிளப்பார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, நீர் சுடும்வரை தமக்குத் தெரிந்த இரண்டொரு பதிகங்களை அடிகள் முன்பின்னாகப் பாடிக்கொண்டிருப்பார். பக்குவம் பார்க்க ஓர் அகப்பை நீரைத் தனியே எடுத்துத் தம் முன்கையின் உட்புறத்தில் ஊற்றிக்கொள்வார். பிள்ளை பெற்ற வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டுமுன் செய்வார்களே, அதே போல. கை சம்மதித்தால்தான் குடம் சந்நிதிக்குப் போகும்.

அந்தக் கைப்பழக்கம் வீட்டில் வந்தது. அவருக்கும் மனைவியார் அபயம்மையாருக்கும் ஒரு பெண் பிறந்து, நடை பழகுமுன் காய்ச்சலில் போய்விட்டாள். இந்த ஜுரதேவர் சந்நிதியில்தான் அவளைக் கிடத்தி வேண்டினார்கள். நாமாக இருந்தால் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம்கூடப் போயிருக்க மாட்டோம். அகோரனார் போனார். சும்மா போகவில்லை, வெந்நீர் போடப் போனார்.

சோதனை அதோடு நிற்கவில்லை. அந்தத் தொண்டைத் தொடங்கிய நாள்முதல் அவருக்கே காய்ச்சல் வர ஆரம்பித்தது. வரும், சில நாள் வாட்டும், போகும், கொஞ்சம் மூச்சு விட விட்டுவிட்டு மறுபடி வரும். அவரோ வேப்பங்குச்சியில் பல் துலக்கி, விடியுமுன் குளித்து, கீரையும் மோருமாக ஒரு வேளை உண்பவர். வெற்றிலைகூடப் போடாதவர். தர்மகர்த்தா சபாநாயகம் பிள்ளை கோயில் வடையில் தமக்கு வந்ததையும் வராததையும் உண்டுவிட்டு, நடக்கவும் சோம்பி, ஒரு தும்மல்கூடப் போடாமல் இருந்தார். உடம்புகளின் நியாயம் நமக்கு விளங்குவதில்லை.

ஊர் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கடைசியில், "உடம்புல ஒரு குத்தமும் இல்லப்பா. ஜொரம் மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வைத்தியர் விட்ட இடத்தில் ஊர் பிடித்துக்கொண்டது. ஒருவர் பூர்வஜென்மப் பாவம் என்றார். இன்னொருவர் மோரை விடச் சொன்னார். மற்றொருவர் மோரைக் கூட்டச் சொன்னார். வெளியூரிலிருந்து வேண்டுதலுக்கு வந்த ஒருவர் அவர் காதுபடவே, "வெந்நீர் போடுறவனுக்கே கொறையல, நமக்கு எங்க கொறையப் போவுது" என்று சொல்லிச் சிரித்தார். அகோரனாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அவருடைய பிள்ளைக்குத் திருநீறு வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு மறுநாளே குணமாயிற்று.

தமக்குக் குணமாக வேண்டுமென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாளைய வெந்நீருக்கு எழுந்திருக்க முடிந்தால் போதும், அது ஒன்றுதான் அவர் வேண்டியது.

காய்ச்சல் நாட்களில் அவர் கை பொய் சொல்லும். குளிரில் நடுங்குகிற உடம்புக்கு எந்த வெந்நீரும் சூடாகத் தோன்றாதே. அதனால் அந்நாட்களில் அபயம்மையார் கூட வந்து தம் கையை நீட்டுவார். அப்படி ஒரு நாள் அம்மையார் வயலில் நடவு வேலைக்கு விடியுமுன்னே போய்விட்டார். பொழுதோ ஏறிக்கொண்டிருந்தது. அகோரனார் நடுக்கத்தோடு நீரைக் கையில் ஊற்றிப் பார்த்தார். போதாது என்று பட்டது. இன்னும் இரண்டு கட்டை விறகு வைத்தார்.

பஞ்சநத குருக்கள் முதல் சொம்பை ஊற்றியபோது அவருடைய கை வெந்துவிட்டது. கொப்புளம் கண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த அகோரனார் அந்தக் கையைப் பார்த்தார், சந்நிதியைப் பார்த்தார்.

"சாமி மேல பட்டுதா?" என்று கேட்டார்.

"ஒரு சொம்பு பட்டுடுத்து, அகோரம்" என்றார் குருக்கள். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அகோரனார் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தர்மகர்த்தா அன்றைக்கே அவருடைய வெந்நீர்த் தொண்டை நிறுத்தினார். "கோவிச்சுக்காதேப்பா. ஜொரத்தைப் போக்குற சாமி வாசல்ல ஜொரத்தோட ஒருத்தன் நின்னா, வர்ற சனம் என்ன நெனைக்கும்? போயி ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவரும் கெட்ட மனிதர் அல்லர். கோயிலுக்குக் கூட்டம் வரவேண்டுமே என்ற கவலை அவருக்கு.

அகோரனார் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அவரை அழவைக்க அதுவரை எந்தக் காய்ச்சலாலும் முடிந்ததில்லை, இப்போது அழுதார். "சுட்டுட்டேன், சுட்டுட்டேன்" என்றே புலம்பிக்கொண்டிருந்தார். அபயம்மையார் வைத்த கஞ்சி ஏடு படிந்து ஆறிப்போகும், மறுபடி சுடவைப்பார், மறுபடி ஆறிப்போகும்.

அப்படிச் சில நாட்கள் போனபின் ஒரு காலையில் அகோரனார் கண் விழித்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. தலை கனக்கவில்லை. பசித்தது. அம்மையார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நம்பாமல் மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு சோறு வடித்து, ரசம் வைத்து, அவர் உண்பதைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மணமான புதிதில் தாம் பார்த்த மனிதர் திரும்பி வந்துவிட்டதாக அம்மையாருக்குத் தோன்றியது.

அதே நேரம் கோயிலில் குருக்கள் திகைத்து நின்றார். முதல் நாள் சாத்திய சந்தனம் முழுவதும் காய்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. திருமேனியைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வெந்நீர் ஊத்துற கல்லு, சுடத்தானே செய்யும்?" என்றார் தர்மகர்த்தா.

"இன்னும் அபிஷேகமே ஆகலையே" என்றார் குருக்கள்.

தர்மகர்த்தாவும் வாசற்படி வரை வந்தார். உள்ளிருந்து முகத்தில் அடித்த அனலில் ஓரடி பின்வாங்கினார். குருக்கள் கட்டுப் போட்ட கையோடு அகோரனார் வீட்டுக்கு விரைந்தார். சோற்றின் முன் உட்கார்ந்திருந்தவரின் நெற்றியைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

"அகோரம், உன் ஜுரம் எங்கே போயிருக்குன்னு தெரிஞ்சுடுத்து" என்று சொல்லி, கண்டதைச் சொன்னார்.

அகோரனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுக் கை கழுவினார். எங்கே புறப்படுகிறார் என்பது அம்மையாருக்குப் புரிந்துவிட்டது. வாசலை மறித்து நின்றார். அதுவரை கணவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அறியாதவர்.

"அவருக்கு மூணு தல, மூணு காலு. தாங்க மாட்டாரா? உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒடம்புங்க."

"மூணு தலைன்னா மூணு தலைவலி, அபயம்" என்றார் அகோரனார்.

அம்மையார் சிரிக்கவில்லை. ஆனால் வழியை விட்டார். அவரும் ஒரு பிள்ளை காய்ந்ததை மடியில் வைத்துப் பார்த்தவர்தான்.

அகோரனார் சந்நிதிப் படிக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போலப் பேசினார். "எம் பொண்ணு காயுறப்ப, அதை எனக்குக் குடுன்னு கேட்டேன். அப்ப குடுக்கல. இதையாச்சும் குடுத்துடுங்க. எனக்குப் பழகின ஜொரம். நீங்க படுத்துட்டா ஒங்களுக்கு யாரு பாப்பா?"

சொல்லி முடிக்குமுன் அவர் உடம்பில் நடுக்கம் வந்தது. குருக்கள் உள்ளே ஓடித் திருமேனியைத் தொட்டார். அனல் தணிந்திருந்தது. ஆனால் முழுவதும் தணியவில்லை. உள்ளங்கைக்குத் தெரிகிற அளவில் ஒரு வெதுவெதுப்பு தங்கியிருந்தது. எவ்வளவு நேரம் ஆகியும் அது போகவில்லை.

"பாதிதான் குடுத்திருக்கார், அகோரம்" என்றார் குருக்கள். "மீதியத் தானே வச்சுண்டுட்டார்."

தர்மகர்த்தா சபாநாயகம் பிள்ளை கிணற்றடிக்குப் போனார். வாழ்நாளில் முதல் முறையாகத் தாமே நீர் இறைத்து, பாதியைத் தம்மீதே சிந்திக்கொண்டு, மீதியை அடுப்படிக்குக் கொண்டுவந்து அகோரனார் முன் வைத்தார்.

அதன்பின் அகோரனாரின் தொண்டை யாரும் தடுக்கவில்லை. காய்ச்சல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எழுந்து நடமாடும் அளவுக்கு, பாதியாகவே வந்தது. குருக்கள் காலையில் நடை திறந்து திருமேனியைத் தொட்டு, வெதுவெதுப்பு கூடியிருந்தால், "இன்னிக்கு அகோரத்துக்கு உடம்புக்கு முடியலை" என்பார். சற்று நேரத்தில் அகோரனார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வருவார், அபயம்மையார் கையை நீட்டத் தயாராகப் பின்னால் வருவார்.

ஆண்டுகள் சென்றன. ஒரு தை மாதக் காலையில் குருக்கள் திருமேனியைத் தொட்டார். காய்ச்சல் இல்லாத நாட்களிலும் போகாத அந்த வெதுவெதுப்பு இல்லை, அது சில்லென்று இருந்தது. எந்தக் கல்லும் இருப்பது போல, வெறும் கல்லாக இருந்தது. அவர் மணியைக் கீழே வைத்துவிட்டு, நடையைச் சாத்தவும் மறந்து அகோரனார் வீட்டுக்கு ஓடினார். அங்கே அம்மையார் கணவரின் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "ஜொரம் விட்டுடுச்சுங்க, சாமி" என்றார்.

தீட்டுக் கழிந்த அன்றே அம்மையார் கோயிலுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். தாம் இருந்தவரை ஜுரதேவருக்கு வெந்நீர்ப் பக்குவத்தைத் தம் கையிலேயே பார்த்தார்.

தெய்வமும் தாமுமாக ஒரே காய்ச்சலைப் பகிர்ந்துகொண்ட அகோரனாரை நினைத்து வணங்குவோம். நமக்கு அடுத்த முறை உடம்பு சுடும்போது, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் குறைவாக முனகுவோம்.